மூன்றாவது பேரிங்குக்குப் போகும் வழி

ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் காதை வைத்தே அதன் டைமிங் சரியா தப்பா என்று சொல்லிவிடுவான் என்பதால், அந்த மெக்கானிக்குக்கு டைமிங் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் வைத்த பெயரை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். அங்கேயும் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தன்னைத்தான் என்று அவனுக்கு உறைக்கும். பழைய வண்டிகளை எலும்பு வரை பிரித்துத் திரும்பப் புதுசாக்கிக் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது மற்றவர்கள் சொன்னது. அவனும் மறுத்துப் பேசியதில்லை.

அவன் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் ஓர் அறையில், கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி என்று வந்து விழுகிற கருவிகளையெல்லாம் கழுவி, சரிபார்த்து, தட்டில் அடுக்கி, நீராவிப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே வேலை. தெருவில் அவளைத் தியேட்டர் அக்கா என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒருத்தி, "ஞாயித்துக்கிழமை படத்துக்கு ரெண்டு சீட்டு சொல்லி வைக்க முடியுமாக்கா?" என்று கேட்டுவிட, டைமிங் அதை ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஆனால் அவனுக்கும் அவள் வேலையைப் பற்றி அதைவிடப் பெரிதாக ஒன்றும் தெரியாது. யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில பாத்திரம் கழுவற மாதிரி ஒரு வேலை" என்பான். அவளை வைத்துக்கொண்டே சொல்வான். அவள் ஒரு நாளும் திருத்தியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஷெட் வாசலுக்கு ஒரு பழைய வேன் கயிறு கட்டி இழுத்துவரப்பட்டது. கூடவே நடந்து வந்தவரைப் பார்த்ததும் டைமிங் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். வேன் மாமா. ஒரு காலத்தில் முப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கியவர். பிள்ளைகள் கூப்பிட்ட பெயரைப் பெற்றவர்களும் கூப்பிட, பிறகு ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பிள்ளைகள் நிறைந்த அந்த வேனின் இன்ஜின் நடுரோட்டில் சடக்கென்று இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது. இன்ஜினின் அடியைத் திறந்து பார்த்தவன் டைமிங்தான். உள்ளே கிராங்க் சுற்றுகிற ஐந்து பேரிங்குகளில் மூன்றாவது மட்டும் எண்ணெய் காணாமல் கருகிப்போயிருந்தது. "ஆயில் பார்க்காம ஓட்டிட்டீங்க மாமா" என்று வேன் ஸ்டாண்டில் பத்துப் பேர் நிற்கும்போது சொன்னான். வேன் மாமா, "காலைலதானே பார்த்தேன்" என்றார். யார் கேட்டார்கள்? எண்ணெய் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றியவர் என்ற பேர் ஒரே நாளில் பரவியது. பள்ளிக்கூடம் வேறு வேன் பார்த்துக்கொண்டது. அவர் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். வேன் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் படுத்துக்கொண்டது.

"காவல் வேலை போன மாசத்தோட முடிஞ்சுது தம்பி" என்றார் வேன் மாமா இப்போது. "கையில கொஞ்சம் வந்திருக்கு. இவள எழுப்பி நிறுத்திடணும். வெளியில மட்டும் இல்ல, இன்ஜின் உள்ளயும் வெளியயும் புதுசா இருக்கணும். என் கவனக்குறைவாலதானே படுத்தா. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. அன்னிக்கு உள்ளத உள்ளபடி சொன்னவன் நீதான்."

டைமிங்குக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் இன்ஜினை இறக்கி, பிரித்துப் பெஞ்சு முழுக்கப் பரப்பிவிட்டான். அதற்கப்புறம்தான் சிக்கல். பாகங்களைக் கழுவிப் பெயின்ட் அடிக்கிற அவனுடைய ஆள் கல்யாணம் கட்டிக்கொண்டு மாமனார் ஊரோடு போய்விட்டான். டைமிங்குக்கோ கழுவுகிற வேலை என்றாலே வேப்பங்காய். ஒரு பெரிய தொட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றி, இரும்பு, அலுமினியம், போல்ட்டு, வால்வு என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஊற வைத்தான். ஊறினால் தானே விட்டுவிடும் என்பது அவன் கணக்கு.

அதே சமயத்தில் ஆஸ்பத்திரியில் அவள் அறையில் புது இயந்திரங்கள் பொருத்துகிறார்கள் என்று மூன்று வாரம் விடுப்பு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்தாள். இரண்டாம் நாள் மிக்ஸியைத் திருகு திருகாகப் பிரித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, திரும்பப் பூட்டினாள். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தவள், தொட்டியை எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாவா போட்டிருக்கீங்க?"

"பின்ன, ஒவ்வொண்ணுக்கும் தனி ரூம் போட்டுக் குடுக்கணுமா?"

"இது வெள்ளையா இருக்கே, இது எந்த உலோகம்?"

"அலுமினியம்."

"அது?"

"வார்ப்பிரும்பு. ஏம்மா, சாப்பிட விடுவியா?"

அவன் கைகழுவிவிட்டு வருவதற்குள் அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டாள். நான்கு தகரத் தட்டுகளைத் தேடி எடுத்து, இரும்பு ஒன்றில், அலுமினியம் ஒன்றில், சின்னச் சாமான்கள் ஒன்றில், ரப்பர் ஒன்றில் என்று பிரித்து அடுக்க ஆரம்பித்திருந்தாள். டைமிங் ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். 'ரெண்டு நாள்ல அலுத்துப்போய் வீட்டுக்குப் போயிடுவா' என்று நினைத்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கையில் ஒரு பை. அதில் பாட்டில் கழுவும் பிரஷ் ஏழெட்டு அளவில், கடையில் புதிதாக வாங்கிய ஊசி இல்லாத சிரிஞ்சுகள், ஒரு பூதக்கண்ணாடி, கிழித்து மடித்த வெள்ளை வேட்டித் துணிகள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"கழுவறதுக்கு."

"கம்பி பிரஷ் இருக்கே, சாணைக் கல்லு இருக்கே."

"அது தேய்க்கறதுக்கு. நான் கழுவறதச் சொல்றேன்."

அவள் கழுவுவதை டைமிங் முதல் ஒரு மணி நேரம் சிரிப்போடும், அடுத்த ஒரு மணி நேரம் சும்மாவும், அதற்கப்புறம் தன் வேலையை விட்டுவிட்டும் பார்த்தான். கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற ஒரு சின்ன ஜெட்டை எடுத்தாள். அதில் முடி நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. அவனாக இருந்தால் காற்றை ஊதிவிட்டு வைத்துவிடுவான். அவள் சிரிஞ்சால் இந்தப் பக்கமிருந்து செலுத்தினாள், அந்தப் பக்கமிருந்து செலுத்தினாள், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் வெள்ளைத் துணியில் ஒற்றினாள். துணியில் ஒரு சின்னப் பழுப்பு நிழல். திரும்பவும் தொட்டிக்கே போனது ஜெட்டு.

"எவ்வளவு தடவைம்மா?"

"துணி சொல்ற வரைக்கும்."

கை ஓடுகிற வேகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. ஒரு சாமானை எடுத்தால் அது முடிகிற வரை வேறொன்றைத் தொடமாட்டாள். அசைகிற மூட்டு எதுவானாலும் விரித்து, மடக்கி, இடுக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். முடிந்ததும் ஒரு சீட்டில் எழுதித் தட்டின் தலைமாட்டில் வைப்பாள். 'வால்வு எட்டு, ஸ்பிரிங் எட்டு, பூட்டு பதினாறு.' மாலையில் அவன் சும்மா எண்ணிப் பார்த்தான். வால்வைப் பிடித்துக்கொள்கிற சின்னப் பூட்டு பதினைந்துதான் இருந்தது. வெற்றியோடு திரும்பி, "ஒண்ணு குறையுதே!" என்றான்.

"உங்க சட்டைப் பையில பாருங்க. மத்தியானம் நீங்கதான் எடுத்துப் பார்த்துட்டுப் போட்டுக்கிட்டீங்க."

பையில்தான் இருந்தது.

நான்கைந்து நாளில் பெஞ்சின் மேல் வரிசையாகப் படுத்திருந்த பாகங்களைப் பார்த்தால், வேறு ஏதோ கடையிலிருந்து வாங்கி வந்தது போலிருந்தது. கருத்த தார் மாதிரி இருந்த வால்வு மூடியின் மேல், யாரும் இத்தனை வருஷம் பார்த்தறியாத எழுத்துகள் எழும்பி நின்றன. பக்கத்துப் பட்டறை வெல்டிங்காரர் வந்து மோவாயைத் தடவிக்கொண்டே பெஞ்சை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "புது சாமானே இப்படி வராதேப்பா. எங்க வாங்கின?" என்று கேட்டார். டைமிங் மனைவியைக் கையால் காட்டினான். காட்டும்போது தன் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்ததை அவனே கவனித்தான்.

கடைசியாகப் பிளாக். இன்ஜினின் உடம்பே அதுதான். இரண்டு பேர் தூக்கினாலும் முதுகைப் பிடித்துக்கொள்ளும். வெளியே முழுக்கச் சுரண்டித் தேய்த்தாயிற்று. டைமிங் காற்றுக் குழாயை எடுத்து எண்ணெய் ஓடும் வழியில் ஒரு நிமிஷம் ஊதினான். "அவ்வளவுதான். பிரைமர் அடிச்சிடலாம்."

அவள் குனிந்து பார்த்தாள். "இந்த ஓட்டைக்கு இன்னொரு வாய் எங்க இருக்கு?"

"பின்னாடி. அத ஒரு திருகு போட்டு அடைச்சிருப்பாங்க."

"அதக் கழட்டலையா?"

"அது யாரும் கழட்டமாட்டாங்கம்மா. வண்டி செஞ்ச நாள்லேருந்து இறுகிப்போயிருக்கும்."

"அப்ப உள்ள யாரும் பார்த்ததே இல்ல?"

"காத்து அடிச்சேனே, வெளிய வந்துச்சே."

"எந்த வழியா வந்துச்சு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி. உள்ளே நீளமாக ஒரு பெரிய வழி. அதிலிருந்து ஐந்து பேரிங்குக்கும் ஐந்து கிளைவழி. ஊதினால் காற்று ஏதாவது ஒன்றில் வெளியே வரும். எதில் வந்தது, எதில் வரவில்லை என்று முப்பது வருஷத்தில் அவன் எண்ணியதே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அந்தத் திருகைச் சூடு காட்டி, தட்டி, திரும்பச் சூடு காட்டி, முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக் கழற்றினான்.

அவள் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து முதல் கிளையில் செலுத்தினாள். பின்வாயில் வைத்திருந்த தட்டில் சொட்டியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் செலுத்தியபோது மண்ணெண்ணெய் அவள் முகத்திலேயே திருப்பித் தெறித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்கையும் ஐந்தையும் பார்த்தாள். ஓடின. திரும்ப மூன்றாவதற்கு வந்தாள்.

"இது அடைச்சிருக்கு."

டைமிங் ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக் கொடுத்தான். அவள் அதை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக இழுத்தாள். சுண்டுவிரல் நக அளவில் சிவப்பாக, ரப்பர் போல ஏதோ சுருண்டுகொண்டு வந்தது. கூடவே நூல் நூலாக இன்னும் கொஞ்சம்.

டைமிங் குனிந்து அதைப் பார்த்தான். அது என்ன என்று அவனுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் தடவுகிற சிவப்புப் பேஸ்ட். அந்தக் காலத்தில் எல்லோரும் கறுப்புப் பேஸ்ட்தான் தடவினார்கள். வெளியூரிலிருந்து சிவப்பை வரவழைத்து, அதைப் பற்றி ஸ்டாண்டில் பெருமையடித்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். இன்ஜின் இறுகுவதற்கு இரண்டு வாரம் முன்னால் வேன் மாமா, "ஃபில்டர் உக்கார்ற எடத்துல லேசாக் கசியுது தம்பி" என்று வந்ததும், கழற்றித் துடைத்து, கசியவே கூடாதென்று கைநிறையத் தடவிப் பூட்டியதும் கண்முன்னால் வந்தது. அதிகமாகத் தடவிய பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, எண்ணெயோடு போய் மூன்றாவது வாயில் உட்கார்ந்திருக்கிறது.

"என்னங்க இது?"

"பழைய குப்பை. தூக்கிப் போடு."

அவள் போடவில்லை. ஒரு வெள்ளைத் துணியை மடித்து அதன் நடுவில் வைத்தாள். "என்னன்னு தெரியற வரைக்கும் நாங்க எதையும் தூக்கிப் போடமாட்டோம்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. பிரஷை எடுத்து மூன்றாவது வழியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பெயின்டுக்கு அடிப்பூச்சாகப் பிரைமர் அடிக்கிற நாள். பிளாக்கை அவள் கடைசியாக ஒரு தடவை துடைத்துவிட்டு, கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். விரல் பட்டால் விரலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளுமாம், அந்த இடத்தில் பெயின்ட் உரியுமாம். மழமழவென்று கடைந்த பரப்புகள் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, விளிம்பைப் பிளேடால் இம்மி பிசகாமல் வெட்டினாள். ஒவ்வொரு துளையிலும் பழைய போல்ட்டு ஒன்றை முடுக்கி அடைத்தாள். பெயின்ட் துப்பாக்கியைப் பிடிப்பது டைமிங். அதில் அவன் கை கெட்டிக்காரக் கை. ஆனால் அன்றைக்கு அது ஒரே இடத்தில் நின்று, பெயின்ட் வழிந்தது.

"விடுங்க. காயட்டும், தேய்ச்சுட்டு அடிக்கலாம்" என்றாள். பிறகு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அந்தச் சிவப்பு பேஸ்ட் யாரு போடுவாங்க?"

அவனுக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "நான்தான்" என்றான். "நான் மட்டும்தான்."

அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எட்டு வருஷம் முன்னாடி ஒரு நாள்," என்றாள், "இருபது இடுக்கி இருந்த ஒரு தட்ட முடிச்சு உள்ள அனுப்பிட்டேன். அனுப்பினப்புறம், அதுல ஒண்ண நான் விரிச்சுப் பார்த்தேனா இல்லையான்னு ஒரு சந்தேகம். ஓடிப்போய்த் தியேட்டர் வாசல்ல நிறுத்திட்டேன். உள்ள ஆளு மேசையில படுத்திருக்காரு. மயக்கம் குடுத்தாச்சு. வேற தட்டு வர்ற வரைக்கும் எல்லாரும் கையக் கட்டிட்டு நிக்கறாங்க. பெரிய டாக்டர் என்னைக் கேக்காத கேள்வியில்ல. அத்தனை பேர் முன்னாடி."

"அந்த இடுக்கியில அழுக்கு இருந்துச்சா?"

"இல்ல. சுத்தமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு வீணாத் திட்டு வாங்கின?"

"இருந்திருந்தா?"

டைமிங் பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தான். அந்தப் பெரிய கட்டடத்தில், அத்தனை படித்தவர்கள் நடுவில், தன் மனைவி கையை நீட்டி ஒரு கதவை மறித்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் வழக்கம்போல அவனுக்குச் சாப்பாடு போட்டிருப்பாள். அவனும் வழக்கம்போலச் சாப்பிட்டிருப்பான்.

"என்கிட்ட இதச் சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேட்டதே இல்லையே" என்றாள் அவள், அதையும் குறையாகச் சொல்லாமல்.

வேன் மாமா தினமும் பதினொரு மணிக்கு ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் அவர் வந்ததும் டைமிங் வெள்ளைத் துணியை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தான். முதல் வார்த்தை வருகிற வரைதான் கஷ்டம். அதற்கப்புறம் ஃபில்டர் தட்டு, பேஸ்ட், மூன்றாவது வழி என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். "நீங்க ஆயில் பார்த்தீங்க மாமா. பேரிங்குக்கு அது போகாம அடைச்சது நான். ஸ்டாண்டுல அத்தனை பேர் முன்னாடி பழிய உங்க மேல போட்டதும் நான்."

வேன் மாமா அந்தச் சிவப்புத் துணுக்கைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார்.

"அன்னிக்குக் காலைல ஆயில் அளக்கற கம்பிய எடுத்துப் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "மேல் கோடு வரைக்கும் இருந்துச்சு. தொடைச்சுட்டு ரெண்டாந்தடவையும் பார்த்தேன். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, நெஜமாப் பார்த்தோமா, பார்த்ததா நெனச்சுக்கிட்டோமான்னு எனக்கே... அப்ப நான் பார்த்தது சரிதான்?"

"சரிதான் மாமா."

அவர் துணுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று டைமிங் நின்றுகொண்டிருந்தான். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

மூன்று நாள் அவர் வரவில்லை. டைமிங்குக்குச் சோறு இறங்கவில்லை. "வண்டிய எடுத்துட்டுப் போகப் போறாரு" என்றான். "எடுத்துட்டுப் போனாலும் சுத்தமா எடுத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் வழிந்த பெயின்டைத் தேய்த்து மட்டமாக்கிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை டைமிங்கின் கை ஒரே இடத்தில் நிற்கவில்லை. மெல்லிசாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நீலம். வால்வு மூடியின் மேலிருந்த எழுத்துகளுக்கு மட்டும் அவள் சின்னத் தூரிகையால் வெள்ளை வைத்தாள். ஒரு எழுத்துக்குக் கால் மணி நேரம்.

"இத யாரும்மா பார்க்கப் போறா? இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில மூடிக்குள்ள கெடக்கும்."

"அடுத்தாப்ல கழட்டறவங்க பார்ப்பாங்க இல்ல?"

நாலாவது நாள் வேன் மாமா வந்தார். கூடவே அவர் மனைவி. வந்ததும் வராததுமாக, "இவகிட்ட சொல்லு" என்றார். "என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு வார்த்தை விடாத."

டைமிங் சொன்னான். அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "இத நீங்க அன்னிக்கே அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"தெனமும் சொன்னேனேடி!"

"சொன்னீங்க. மென்னு முழுங்கிச் சொன்னீங்க. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"சத்தம் போட்டா, தப்பு பண்ணிட்டு சத்தம் வேற போடறீங்களான்னு கேட்டியே!"

டைமிங்கின் மனைவி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது. டைமிங்கைப் பார்த்து, "பத்து வருஷம் எங்க வீட்ல இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டே சாப்பிட்டாருப்பா" என்றார். அதைவிட நாலு அடி கொடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அன்று மாலை அவன் ஸ்டாண்டுக்குப் போனான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. பழைய டிரைவர்கள் ஐந்தாறு பேர் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். எந்தக் கடை வாசலில் நின்று அன்றைக்குச் சொன்னானோ, அதே வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம் கெளறிட்டு?" என்றான் ஒருவன். இன்னொருவர் எழுந்து, தன் வண்டிக்கும் அதே சிவப்புப் பேஸ்ட்தான் போட்டானா என்று கேட்டார். "போட்டேன். கொண்டு வாங்க, காசு வாங்காம தொறந்து பார்த்துத் தரேன்" என்றான் டைமிங். வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான்.

கருகிய பேரிங்குக்குப் பதில் புதுசு வந்து, விடுப்பு முடிகிற ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் தயார். பெஞ்சிலிருந்த ஒவ்வொரு தட்டும் காலியாகிக்கொண்டே வர, அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்தாள். கேட்பதற்குள் கையில் இருக்கும். தலைமாட்டுச் சீட்டுகளில் ஒன்றுவிடாமல் கோடு விழுந்தது. பூட்டி முடித்தபோது பெஞ்சில் ஒரு வாஷர்கூட மிச்சமில்லை. டைமிங்கின் வாழ்க்கையில் அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை.

இன்ஜினை வேனில் ஏற்றிப் பூட்டியதும் சாவியைத் திருப்பியது வேன் மாமா. இரண்டு தடவை முக்கிவிட்டு, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. டைமிங் பழக்கத்தில் காதைக் கொண்டுபோனான். பிறகு நிமிர்ந்து, மனைவியைக் கூப்பிட்டான். "இங்க வா. நீ கேளு."

"எனக்கு என்ன தெரியும்?"

"கேளு சொல்றேன்."

அவள் குனிந்து கேட்டாள். சாம்பல் நீல இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இந்தச் சத்தம்தான் வரணுமா?"

"இந்தச் சத்தம்தான். இத நான் இதுக்கு முன்னாடி கேட்டதில்ல" என்றான் அவன்.

வேன் மாமாவின் மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஒரு தெரு சுற்றிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. டைமிங் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். நின்றுவிட்டதா? எங்காவது கசிகிறதா? அவள் பாட்டுக்குத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாங்காமல் போன் போட்டான்.

"எங்க மாமா இருக்கீங்க? வண்டி ஓடுதா?"

"ஓடறதா? பறக்குது!" என்றார் வேன் மாமா. பின்னால் பெண்களின் குரலும் யாரோ கைதட்டுகிற சத்தமும் கேட்டன. "பழைய ரூட்டுல ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்தி ஹாரன் அடிச்சுட்டு வரேன் தம்பி. இப்பதான் ஒம்பதாவது ஸ்டாப். இன்னும் அஞ்சு இருக்கு. எல்லா வீட்லயும் வெளிய வராங்க. கெளம்ப விடமாட்டேங்கறாங்க. நீங்க ஷெட்ட மூடிட்டு வீட்டுக்குப் போங்க. நான் வந்துக்கறேன்."

டைமிங் போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னான். அவள் ஈரக் கையை உதறிக்கொண்டே கேட்டாள். "பதினாலு ஸ்டாப்பா? பாவம், அந்த அம்மா காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்தாங்க." பிறகு பையில் பிரஷ்களை அளவு வாரியாக அடுக்கி வைத்தாள். நாளைக் காலை ஆறு மணிக்கு அவளுக்கு டூட்டி.

"நாளைக்கு நான் கொண்டு வந்து விடறேன்" என்றான் டைமிங். "உங்க ரூம வெளியில நின்னாவது பார்க்க விடுவாங்களா?"

"கண்ணாடி வழியாப் பார்க்கலாம்" என்றாள் அவள், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "ஆனா பேசக்கூடாது."

"பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஷெட்டின் இரும்புக் கதவை இறக்கினான்.